பாளையங்கோட்டைப் பக்கம் சிஸ்டர்மார் நடத்தும் கல்லூரி: ஹாஸ்டல், மெஸ், ஆபீஸ், ஜெபம் எல்லாம் எப்படி இருக்கும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் களக்காடு, நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் பாளையங்கோட்டைக் கல்லூரிகளைப் பற்றிய விசாரிப்பு ஆரம்பித்துவிடும். என்னிடம் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "வேதக்காரங்க காலேஜ்ல பிள்ளையச் சேத்தா மதம் மாத்திருவாங்களாமே, அப்படியா?" எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் இளங்கலையும் முதுகலையும் அப்படி ஒரு கல்லூரியில்தான் படித்தேன், அதுவும் ஹாஸ்டலில் தங்கி. எங்கள் குடும்பம் சுடலைமாடன் கொடைக்கு வரி கொடுக்கிற குடும்பம், பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவோம், நான் விபூதி பூசிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். அதனால் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் கேள்வியைக் கேளுங்கள், தப்பில்லை, ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் கூட வருவார்கள், கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், ரூமை எப்படிப் பிரிப்பார்கள், ஆபீஸ் ஜன்னலில் இருப்பவர் எப்படிப் பேசுவார், இதையெல்லாம் முதலில் கேளுங்கள். பிள்ளையின் படிப்புக் காலம் நல்லபடியாகப் போவதும் போகாததும் இவற்றில்தான் இருக்கிறது.

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், என் சொந்தத்தில் பிள்ளைகள் இப்போதும் அங்கே படிக்கிறார்கள். பாளையங்கோட்டை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற பழைய கல்லூரிகளில் ஒன்றாக இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். இந்த ஊரைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் இங்கே வந்த காலத்திலிருந்து பள்ளிக்கூடமும் தேவாலயமும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்த ஊர் இது, ஊசிக்கோபுரம் என்று ஊர் சொல்கிற தேவாலயம் 1826இலேயே எழும்பிவிட்டது. தூய யோவான் கல்லூரி 1878, பெண்களுக்கென்றே சாராள் தக்கர் கல்லூரி 1895, இயேசு சபையாரின் தூய சவேரியார் கல்லூரி 1923, ரஹ்மத் நகரில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி 1971, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரி. ஒவ்வொன்றும் ஒரு சமயத்தார் ஆரம்பித்தது, எல்லாவற்றிலும் எல்லா சமயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள், இன்றைக்கும் படிக்கிறார்கள். நான் படித்தது இவற்றில் எதுவும் இல்லை. ஊருக்குக் கொஞ்சம் வெளியே கன்னியர் சபை ஒன்று நடத்துகிற பெண்கள் கல்லூரி, இவற்றுக்கெல்லாம் ரொம்பப் பிந்தி வந்தது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறது.

சரி, ஜெபத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். காலையில் முதல் பீரியடுக்கு முன்னால் மைக்கில் ஒரு ஜெபம், ஒரு பைபிள் வசனம், ஒரு குறள், அன்றைய செய்தி. எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வெள்ளிக்கிழமை திருப்பலிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிற்றாலயத்துக்குப் போவார்கள், மற்றவர்கள் வகுப்பில் படித்துக்கொண்டோ பேசிக்கொண்டோ இருப்போம். வாரத்தில் ஒரு மணி நேரம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. நன்னெறி வகுப்பில் எங்களுக்கு வந்த சிஸ்டர் ஒருவர் கோபத்தை எப்படிக் கையாள்வது, வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தால் எப்படி எடுத்துச் சொல்வது என்று பேசியதெல்லாம் எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. யாரும் என்னை ஞானஸ்நானம் வாங்கச் சொல்லவில்லை, விபூதியை அழிக்கச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. நம் அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனத்தை அமைத்து நடத்த உரிமை கொடுக்கிறது. அதே அரசியலமைப்பின் 28ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதி உதவியோ பெறுகிற நிறுவனத்தில் படிக்கிற யாரையும் அவர் சம்மதம் இல்லாமல், 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்க முடியாது என்று சொல்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. எங்கேயாவது கட்டாயப்படுத்தினால் நீங்கள் தைரியமாகக் கேட்கலாம். எனக்குக் கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எங்கள் நோன்பும் விரதமும் அங்கே எப்படி நடந்தது என்பது. கந்த சஷ்டிக்கு ஹாஸ்டலில் ஒரு கூட்டம் விரதம் இருக்கும், திருச்செந்தூர் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம். முதல் நாளே மெஸ்ஸில் பெயர் கொடுத்துவிட்டால் பழம், பால், அவித்த கடலை தனியாக எடுத்து வைப்பார்கள். ரமலான் மாதத்தில் மேலப்பாளையம், ஏர்வாடிப் பிள்ளைகளுக்கு விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹர் சாப்பாடு ராத்திரியே ஹாட்பேக்கில் போட்டு மேசையில் இருக்கும், சமையல்கார அக்கா ஒருவர் மூன்றரை மணிக்கு எழுந்து வந்து டீ மட்டும் போட்டுக் கொடுப்பார். யாரும் உத்தரவு போட்டு அவர் அதைச் செய்யவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கறி கிடையாது, அதற்கு நாங்களும் முணுமுணுக்கவில்லை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்ட பிள்ளைக்குத் தனிப் பாத்திரம் வேண்டும் என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் இழுபறி ஆயிற்று, பிறகு அதுவும் கிடைத்தது. நம்பிக்கை உள்ளவர்கள் நடத்துகிற இடத்தில் அடுத்தவர் நம்பிக்கைக்கும் மரியாதை கிடைக்கும் என்று நான் சொன்னால் சிலர் ஒத்துக்கொள்வதில்லை, நான் பார்த்தது இதுதான்.

ரூம் பிரிப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கையில் கட்டுகிற கயிற்றின் கலரை வைத்து யார் எந்த ஆள் என்று பார்க்கிற ஊரிலிருந்துதான் நாம் எல்லோரும் வருகிறோம். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சாதி வன்மத்தில் வீடு புகுந்து வெட்டினார்கள், அதற்குப் பிறகு அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, அந்தக் குழு சாதிக் கயிறு வேண்டாம் என்பது உட்பட நிறையப் பரிந்துரைகள் கொடுத்தது. எங்கள் ஹாஸ்டலில் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கித்தான் ரூம் கொடுப்பார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து இருக்க முடியாது, ஒரே டிபார்ட்மென்ட்டும் முடியாது, மாற்றிக் கேட்டாலும் கிடையாது. சேர்க்கை அன்றைக்கு வார்டன் சிஸ்டரிடம் ஒரு அப்பா, "என் பிள்ளைய நம்ம ஆளுக பிள்ளைக கூட போடுங்க சிஸ்டர்" என்று மெதுவாகக் கேட்டார். சிஸ்டர், "இங்க எல்லாரும் நம்ம ஆளுகதான், நீங்க பெட்டியை இறக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். அந்தப் பெண் முதல் மாதம் முழுவதும் ரூமில் யார் தண்ணீர் பாட்டிலையும் தொட மாட்டாள். அடுத்த வருஷம் சீட்டில் வேறு ரூம் வந்தபோது பழைய ரூம் பிள்ளைகளை விட்டுப் போக மாட்டேன் என்று அழுதவளும் அவள்தான்.

இதனால் சாதி அங்கே ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. கிறிஸ்தவர்களுக்குள் சாதி இல்லை என்று சிஸ்டர்மார் யாரும் எங்களிடம் நடித்ததும் இல்லை. எந்தக் கோயில், எந்தத் தெரு என்ற கேள்வி அங்கேயும் உண்டு, எலக்ஷன் நேரத்தில் கல்லூரிச் சேர்மன் பதவிக்கு யார் நிற்பது என்று வரும்போது அது மேலே வந்துவிடும். ஒரே ரூமில், ஒரே பாத்ரூம் வரிசையில், ஒரே சாப்பாட்டு மேசையில் மூன்று வருஷம் கழிந்தால் ஒரு பெண்ணுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்ததில் பாதியாவது உதிர்ந்துவிடும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே நான் அந்த ஹாஸ்டலைத் துணிந்து சிபாரிசு செய்வேன். மற்ற ஹாஸ்டல்களில் விசாரித்துப் பாருங்கள், பல இடங்களில் பிள்ளைகள் விருப்பப்படி சேர்ந்துகொள்ளலாம் என்பார்கள், கேட்க நன்றாக இருக்கும். முடிவில் ஊர் வாரியாகத்தான் ரூம் நிரம்பும்.

மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, சாப்பிட்ட நாள் கணக்கில் பிரித்துப் போடுவார்கள். இதில் ஒரு வசதி, பிள்ளைகளில் இருந்தே இரண்டு மெஸ் ரெப் இருப்பார்கள், பாளை மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும்போது அவர்களில் ஒருத்தி கூடப் போவாள், பில் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். தக்காளி விலை ஏறிய மாதம் ஏன் பில் கூடியது என்று யாரும் சண்டை போடவில்லை, பில்லில் எல்லாம் இருந்தது. சாப்பாடு எப்படி என்றால், காலை இட்லி நன்றாக இருக்கும், தோசை ஆறிப்போய்த்தான் கிடைக்கும், சப்பாத்தியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மதியம் புளிக்குழம்பும் கூழ்வற்றலும் வைக்கிற நாளில் எல்லோரும் இரண்டாவது தடவை சோறு வாங்குவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சொதி. தேங்காய்ப் பால் எடுக்கிறதற்கு ஆள் வேண்டும் என்று காலையிலேயே பத்துப் பேரைக் கூப்பிடுவார்கள், இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் சேர்த்து. நெல்லையில் மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்குப் போடுகிற சொதியை ஹாஸ்டலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வைக்க வேண்டும் என்று யார் முதலில் நினைத்தார்களோ, அவர்களுக்கு நன்றி. சமையல்கார அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "ஏளா, என்ன இது கோழி கொத்துன மாதிரி, வயிறாரத் தின்னுட்டுப் போ." பாதர்மார், சிஸ்டர்மார், புரொபசர் எல்லோரையும்விட அந்தக் குரல்தான் வீட்டை நினைத்து அழுகிற முதல் வருஷப் பிள்ளைகளைத் தேற்றியது.

கல்லூரிக் கேன்டீன் வேறு ஆளுக்குக் கான்ட்ராக்ட் விட்டது. டீயும் உளுந்த வடையும் சுசியமும் நன்றாக இருக்கும், லெமன் சாதத்தை நம்பிப் போகாதீர்கள். இடைவேளை 15 நிமிஷம்தான், அதில் பாதி வரிசையிலேயே போய்விடும். பணம் கட்ட ஸ்கேனர் வைத்தபிறகு கொஞ்சம் பரவாயில்லை.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோர் கேட்பதே இல்லை, அதனால் இதைச் சொல்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் வருஷா வருஷம் ஹாஸ்டலில் காய்ச்சல் சுற்றும். என் ரூம்மேட்டுக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறி, வாந்தி, நிற்க முடியவில்லை. சிக் ரூம் சிஸ்டர் நர்ஸ் படித்தவர். வந்து பார்த்தார், கண்ணின் உள்பக்கத்தைப் பார்த்தார், உடனே வாட்ச்மேன் அண்ணாச்சியை ஆட்டோ கூப்பிடச் சொன்னார். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு, அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, நானும் கூடப் போனேன். டெங்கு, தட்டணுக்கள் குறைந்திருந்தன. அவள் அம்மா அப்பா சிவகிரியிலிருந்து வந்து சேரும் வரை சிஸ்டர் வார்டில் அந்த நீல ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தார், ஒருமுறை கூட எங்கேயும் போகவில்லை, கஞ்சி வாங்கி வந்து ஊட்டினார், செபமாலையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் அம்மா அந்த சிஸ்டரின் காலைத் தொடப் போனபோது அவர் பதறிப்போய், "ஏம்மா, இது என் வேலைம்மா" என்றார். அரசு ஆஸ்பத்திரியைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அங்கே அவளுக்கு வைத்தியம் நன்றாகத்தான் நடந்தது.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணித் தண்ணீர் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமும் வண்ணாரப்பேட்டைப் பக்கமும் ஏறிவிட்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஹாஸ்டலில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஏரல், ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. சிஸ்டர்மார் செய்தது என்னவென்றால், ஜெனரேட்டரைத் தண்ணீர் ஏற்றவும் போன் சார்ஜ் போடவும் மட்டும் கணக்காக ஓட்டினார்கள், எந்தப் பிள்ளையின் வீட்டில் பேசியாயிற்று, எந்த வீட்டில் இன்னும் இல்லை என்று சார்ட்டில் எழுதி மெஸ் சுவரில் ஒட்டினார்கள், பேசி முடித்ததும் பச்சை மையில் டிக். கல்லூரி ஹாலைப் பக்கத்துத் தாழ்வான தெருக்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள், எங்கள் மெஸ்ஸிலேயே அவர்களுக்கும் பொங்கினோம். அப்போது வெங்காயம் உரித்த பிள்ளைகள் நிறையப் பேருக்கு பார்ட் ஃபைவ் என்று மார்க்‌ஷீட்டில் வருகிற விரிவாக்கப் பணி என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. கடைசி டிக் விழ நாலைந்து நாள் ஆயிற்று.

இப்படிப்பட்டவர்கள் நடத்துகிற இடத்தில் ஆபீஸ் ஏன் அப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்று வரை கோபம். போனஃபைட், ஸ்காலர்ஷிப் கையெழுத்து, எக்ஸாம் ஃபீஸ், டிசி எல்லாவற்றுக்கும் ஒரே ஜன்னல், காலை பத்தரைக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடும், நமக்கு அந்த நேரம் முழுவதும் வகுப்பு. இடைவேளையில் ஓடினால் வரிசை. உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். "நாளைக்கு வா" என்பதற்குக் காரணம் சொல்ல மாட்டார். கிராமத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு அம்மாவிடம் "போர்டுல போட்டிருக்கோம்லா, படிக்கத் தெரியாதா" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன், அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே படிக்கத் தெரியாது. மேலே சிற்றாலயத்தில் வறியவர்க்கு நற்செய்தி என்று எழுதியிருக்கிறது. அந்த வசனம் இந்த ஜன்னலுக்கும் பொருந்த வேண்டும், இல்லையா? இதைக் கருத்துக் கேட்புப் படிவத்திலும் எழுதிக் கொடுத்தேன், செயலர் சிஸ்டரிடம் நேரிலும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், மதியம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறக்க ஏற்பாடு செய்தார், பேச்சு மாறவில்லை.

இதில் பணமும் போகிறது. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய், 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். ஆனால் ஆதாரோடு இணைந்த கணக்கு வேண்டும், கல்லூரி தரப்பில் விவரங்களைச் சரியாக ஏற்ற வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்திக்குப் பெயரில் இனிஷியல் மாறிப்போனதால் பணம் வரவில்லை, அதைத் திருத்த ஜன்னலுக்கும் வங்கிக்குமாக நடந்தே ஒரு செமஸ்டர் போய்விட்டது. எங்கள் துறை மிஸ் ஒருவர் கடைசியில் கூட வந்து உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். அந்த ஆயிரம் ரூபாயில்தான் அவள் மெஸ் பில்லில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பதை ஆபீஸில் யாரும் யோசிக்கவில்லை. நீங்கள் சேரும்போதே சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பதிவில் கொடுக்கிற யுமிஸ் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எந்த உதவித்தொகைக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

ஃபீஸ் விஷயத்தில் ஒரே கேள்விதான், எய்டடா செல்ஃப் பைனான்ஸா, அதாவது அரசு உதவிபெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா. ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஒரே யூனிவர்சிட்டி டிகிரி, ஃபீஸ் மட்டும் பல மடங்கு வித்தியாசம். கம்ப்யூட்டர், காமர்ஸ் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் கிடைக்கும். சுயநிதிப் பிரிவு மிஸ்மார் சம்பளம் எய்டட் மிஸ்மார் சம்பளத்துக்குப் பக்கத்தில் கூட வராது, அதனால் நல்ல மிஸ் வருஷ நடுவில் வேறு வேலைக்குப் போய்விடுவதும் நடக்கும். சபை நடத்துகிற கல்லூரி என்றால் ஃபீஸ் குறைவாக இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். எய்டடில் அது சரி. சுயநிதியில் கஷ்டப்படுகிற பிள்ளைக்குத் தவணை கொடுப்பார்கள், பழைய மாணவிகள் நிதியிலிருந்து சிலருக்கு உதவியும் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும், கேட்காமல் யாரும் வந்து கொடுக்க மாட்டார்கள்.

கேட். சாயங்காலம் ஆறு மணி. அவுட்பாஸ் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது, அவுட்பாஸுக்கு வீட்டிலிருந்து பதிவு செய்த நம்பரில் போன் வர வேண்டும். பாளை தசராவுக்கு அம்மன் சப்பரங்கள் எல்லாம் ராத்திரியில்தான் தெருவில் வரும், நாலு தெரு தள்ளி மேளச் சத்தம் கேட்கும், நாங்கள் மொட்டை மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். என் தம்பி இருந்த இன்னொரு கல்லூரியின் ஆண்கள் விடுதியில் எட்டரை மணி வரை கேட் திறந்திருக்கும். இதைப் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள், அந்த அக்கறையை நான் சந்தேகப்படவில்லை, ஹைகிரவுண்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் சொல்கிறார்கள் அல்லவா. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2015இல் கொண்டுவந்த விதிமுறையிலேயே, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை விடுதிப் பெண்களுக்குப் போடக் கூடாது என்று இருக்கிறது. முதுகலை படிக்கிற, ஓட்டுப் போடுகிற பெண்ணுக்கு லைப்ரரிக்குப் போய்விட்டு ஏழரைக்குத் திரும்பி வர உரிமை இருக்க வேண்டும். இதைச் சொன்னால் பெற்றோரே எதிர்க்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னார், அதுவும் உண்மைதான். அதனால் இதைப் படிக்கிற பெற்றோரிடமே கேட்கிறேன், பையனுக்கு ஒரு மணி, பெண் பிள்ளைக்கு ஒரு மணி என்று நீங்களே கையெழுத்துப் போடாதீர்கள்.

போனும் அப்படித்தான். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இரவு ஸ்டடி டைமில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பாடத்துக்குத் தேவைப்படும்போது கூட ரெஜிஸ்டரில் எழுதித்தான் வாங்க வேண்டும். பழகிவிடும், ஆனாலும் கூகுள் கிளாஸ்ரூமில் அசைன்மென்ட் போட்டுவிட்டு போனை வாங்கி வைப்பது பொருந்தவில்லை.

லைப்ரரி நன்றாக இருக்கிறது, அமைதியாக இருக்கும், தமிழ் இலக்கியமும் வரலாறும் நிறைய. ஐந்து மணிக்கு மூடிவிடுவதுதான் குறை. இணைப்புக் கல்லூரிப் பிள்ளைகளுக்காக கல்லூரி நூலகங்களுக்கான யுஜிசி மையமான இன்ஃபிளிப்நெட் நடத்துகிற என்-லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, மின்னூல்களும் ஆய்விதழ்களும் அதில் படிக்கலாம், கல்லூரி சேர்ந்திருந்தால் உங்களுக்கும் லாகின் கிடைக்கும். எங்கள் கல்லூரி சேர்ந்திருந்தது, லைப்ரரியனிடம் கேட்டவர்களுக்கு மட்டும் அது தெரிந்தது. அவர் நல்ல மனுஷி, கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். அது போதாதவர்கள் சனிக்கிழமை பாளையிலேயே இருக்கிற மாவட்ட மைய நூலகத்துக்குப் போவார்கள், டிஎன்பிஎஸ்சி படிக்கிற கூட்டம் அங்கே எப்போதும் இருக்கும்.

கவுன்சலிங் ரூம் உண்டு. அங்கே இருந்த சிஸ்டர் முறையாகப் படித்தவர், நான் சொன்னது வெளியே போகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அதே ரூமில் இருந்தவரிடம் ஒரு பிள்ளை மனசு விட்டுப் பேசியது இரண்டே நாளில் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஹாஸ்டலில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை, புதிய சிஸ்டர் அந்த நம்பிக்கையை மறுபடி சம்பாதிக்க ஒரு வருஷத்துக்கு மேல் பாடுபட்டார். சேர்க்கை அன்றைக்கே இதையும் கேளுங்கள்: பிள்ளை சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வீட்டுக்குச் சொல்வீர்கள்? அதற்குத் தெளிவான பதில் சொல்கிறவர்களை நம்பலாம்.

பிளேஸ்மென்ட்டை நம்பிச் சேர வேண்டாம். கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு நாலைந்து கம்பெனி வரும், மற்றவர்களுக்கு பி.எட்., பேங்க் கோச்சிங், டிஎன்பிஎஸ்சி என்று அவரவர் பாடு. பஸ் விஷயம் பெண்களுக்கு இப்போது சுலபம், 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் கல்லூரிக்குக் காலையில் நெரிசல் இருக்கும், எட்டரைக்கு முன்னால் ஏறிவிட்டால் உட்கார்ந்து போகலாம். புது பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் மாறி ஏற வேண்டும்.

சேர்க்க முடிவு செய்தவர்களுக்கு: விண்ணப்பம் வாங்க அப்பா மட்டும் போய்விட்டு வராமல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் போனால் ஆபீஸ் ஜன்னலையும் பார்க்கலாம், அப்படியே ஹாஸ்டல் மெஸ்ஸையும் பார்க்கலாம். வார்டனிடம் கேட்டால் பெண்களை உள்ளே விடுவார்கள், பாத்ரூமையும் தண்ணீர் வசதியையும் அம்மாவும் பிள்ளையும் நேரில் பார்த்துவிடுங்கள், கோடையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள். கொசுவலை, ஒரு வாளி, பூட்டு இரண்டு, ஒரு எவர்சில்வர் தட்டு, போர்வை, அசல் சான்றிதழ்களின் ஜெராக்ஸ் ஐந்து செட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இவ்வளவும் முதல் நாளே வேண்டும். வீட்டு ஊறுகாயை ரூமில் வைக்கக் கூடாது என்று ரூல் இருக்கிறது, மெஸ்ஸில் கொடுத்து வைத்தால் உங்கள் பெயர் எழுதி வைத்துக்கொள்வார்கள்.